அடக்கவிலை எங்கே பிறக்கிறது?

1772 ஜூன் 10-ஆம் தேதி காலையில் லண்டன் வங்கி வட்டாரத்தில் ஒரு செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அலெக்சாண்டர் ஃபோர்டைஸ் ஊரை விட்டு ஓடிவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு விலை சரியும் என்று பந்தயம் கட்டியிருந்தார். அது அவர் எதிர்பார்த்தபடி சரியவில்லை. இழப்பை ஈடுகட்ட வழியில்லாமல் பிரான்சுக்குக் கம்பி நீட்டினார். அவர் பங்காளியாக இருந்த வங்கி மூடப்பட்டது. அதே மாதத்திலேயே ஸ்காட்லாந்தின் அயர் வங்கியும் பணம் கொடுப்பதை நிறுத்தியது. கடன் புரளவில்லை, வியாபாரிகள் சரக்கு எடுக்கவில்லை.

இந்த அடி இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷர் வட்டாரத்தில் பீங்கான் பாத்திரம் செய்துவந்த ஜொசையா வெட்ஜ்வுட்டையும் எட்டியது. ராணி சார்லட் பெயரால் 'குவீன்ஸ் வேர்' என்று பாத்திரம் விற்ற ஆள். சிறுவயதில் வந்த அம்மை நோயால் வீணான வலது காலை 1768-இல் வெட்டி எடுத்தார்கள், மயக்க மருந்து என்ற ஒன்றே இல்லாத காலத்தில். அடுத்த ஆண்டே எட்ரூரியா என்ற புதுத் தொழிற்சாலையைத் திறந்துவிட்டார். களிமண்ணும் மெருகும் அவருக்கு அத்துப்படி. கணக்கு அப்படியில்லை. விற்பனை ஓடிக்கொண்டிருந்தவரை ஒரு பூச்சாடியைச் செய்ய உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று கேட்கவேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. சரக்கு கிடங்கில் தேங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

1772 ஆகஸ்டில் கூட்டாளி தாமஸ் பென்ட்லிக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. உற்பத்திச் செலவு, விற்பனைச் செலவு, உடைசல் நட்டம் ஆகியவற்றை ஒவ்வொரு பொருளின் தலையிலும் எப்படிப் பங்கு போடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டதை அவற்றில் விவரிக்கிறார். மண், கூலி, அச்சு, சூளைக்கு நிலக்கரி, வாடகை, கிடங்கு, குமாஸ்தா சம்பளம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, 'வேலை விலைப் புத்தகம்' என்று ஒன்றை எழுதினார். பொருள்வாரியாகப் போட்ட செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தால், பேரேட்டில் வெளியே போயிருந்த மொத்தப் பணத்தோடு அது ஒத்துப்போகவில்லை. எங்கோ பணம் கசிந்துகொண்டிருந்தது.

ஒரு பங்கு கசிவு சாதாரணத் திருட்டு. லண்டன் விற்பனைக் கூடத்தின் தலைமைக் குமாஸ்தா கைவைத்திருந்தார். அங்கே கணக்கு எழுதுவதும் பாக்கி வசூலிப்பதும் நெடுநாளாகவே தள்ளாடிக்கொண்டிருந்தன. வெட்ஜ்வுட் தன் நம்பிக்கைக்குரிய பீட்டர் ஸ்விஃப்ட்டை லண்டனுக்கு அனுப்பி, வாராவாரம் கணக்கு வந்தாகவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். மீதிப் பங்குதான் வணிகவியல் வரலாற்றுக்கு முக்கியமானது. அச்சு செய்யும் செலவு, வாடகை, குமாஸ்தா சம்பளம் போன்றவை நூறு சாடி செய்தாலும் ஆயிரம் செய்தாலும் ஏறத்தாழ ஒரே அளவில் கடிகார முள் போல ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அவர் கண்டுகொண்டார். இன்று கல்லூரியில் நிலைச் செலவு, மாறும் செலவு என்று பிரித்துச் சொல்லித்தருவதை அவர் யாரும் கற்பிக்காமல், கடன் நெருக்கடியின் நடுவே, தன் சொந்தப் பேரேட்டிலிருந்தே எடுத்தார்.

அதிலிருந்து அவர் வந்த முடிவுக்கு இரண்டு பாதிகள் உண்டு. குறித்த நேரத்தில் எவ்வளவு கூடுதலாகச் செய்கிறோமோ அவ்வளவுக்கு ஒவ்வொரு உருப்படியின் மேலும் விழும் நிலைச் செலவு குறையும். இது முதல் பாதி. செல்வந்தர் மாளிகைகளில் போதுமான காலம் பார்வைக்கு இருந்துவிட்ட சாடிகளை நடுத்தர வர்க்கம் வாங்கத் தயாராக இருக்கிறது, விலையைக் குறைத்தால் அந்தக் கூடுதல் உற்பத்தி விற்றுப்போகும். இது இரண்டாம் பாதி. பின்னால் வந்த தொழிற்சாலைகளில் பல முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டன.

அதனால் என்ன ஆகும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு பனியன் கம்பெனியில் மாத வாடகை, சம்பளம், இயந்திரத் தேய்மானம் எல்லாம் சேர்த்து 6 லட்சம் ரூபாய் நிலைச் செலவு. நூல், தையல், பேக்கிங் என்று ஒரு உருப்படிக்கு 90 ரூபாய். விற்பனை விலை 160. ஒரு மாதத்தில் 10,000 உருப்படி தைத்து அத்தனையும் விற்றால் ஒன்றின் அடக்கவிலை 150, லாபம் 1 லட்சம். அடுத்த மாதமும் விற்பனை அதே 10,000 தான். ஆனால் தையல் பிரிவை முடுக்கி 15,000 உருப்படி எடுக்கிறார்கள். நிலைச் செலவு உருப்படிக்கு 60-லிருந்து 40 ஆகிறது; அடக்கவிலை 130. கணக்கில் லாபம் 3 லட்சம்! ஒரு பனியன்கூடக் கூடுதலாக விற்கவில்லை. நூலுக்கும் கூலிக்கும் நாலரை லட்சம் அதிகமாகக் கைவிட்டுப் போயிருக்கிறது. விற்காத 5,000 உருப்படிகள் தலைக்கு 40 ரூபாயாக 2 லட்சம் நிலைச் செலவைச் சுமந்துகொண்டு கிடங்கில் கிடக்கின்றன. அந்த 2 லட்சத்தைத்தான் லாபக் கணக்கு கூடுதல் லாபம் என்று காட்டியது.

இதில் பொய்க் கணக்கு எதுவும் இல்லை. மேற்செலவைச் சரக்கின் மேல் ஏற்றும் இந்த முறை எல்லா நாட்டிலும் ஏற்கப்பட்டது, வெளியார் பார்வைக்கான நிதிக் கணக்குக்கு அவசியமானதும்கூட. சிக்கல் எங்கே வருகிறதென்றால், உருப்படிக்கு இவ்வளவு என்ற எண்ணைக் குறைத்தால் பிரிவுத் தலைவருக்குப் பாராட்டு என்று ஆகும்போது. அப்புறம் அவர் தேவையைப் பார்க்கமாட்டார், மெஷினை நிறுத்தவிடமாட்டார். கணக்கியல் அறிஞர்கள் ராபர்ட் கப்லானும் தாமஸ் ஜான்சனும் 1987-இல் வெளியிட்ட நூல் அமெரிக்கத் தொழில்துறைமேல் வைத்த குற்றச்சாட்டுகளில் முக்கியமானது, வெளியாருக்காகத் தயாரித்த கணக்கைக் கொண்டே தொழிற்சாலைத் தளத்தையும் ஆண்டார்கள் என்பது.

நம் கல்லூரிகளில் மேற்பார்வை, தலைமைப் பண்பு, ஊக்குவிப்பு எல்லாம் மேலாண்மைத் தத்துவங்கள் என்ற தாளில் வரும். அடக்கவிலைக் கணக்கியல் வேறொரு தாளில், பெரும்பாலும் வேறொரு ஆசிரியரிடம் வரும். முதலாவதைக் கதையாகவும் இரண்டாவதைக் கணக்காகவும் படித்துவிட்டு மாணவர்கள் வேலைக்குப் போகிறார்கள். எட்ரூரியாவில் இந்தப் பிரிவினை இல்லை. ஒரு தட்டுக்கு எவ்வளவு கூலி என்று எழுத வேண்டுமானால், அதைச் செய்தவர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை தட்டு எடுத்தார், எத்தனை சூளையில் வெடித்தது என்று அன்றன்றைக்கு யாராவது குறித்துவைக்க வேண்டும். அந்தக் காலத்துக் குயவர்களிடம் அப்படியொரு பழக்கமே கிடையாது. திங்கட்கிழமையை 'புனிதத் திங்கள்' என்று சொல்லிக் குடித்துக் கழிப்பார்கள். ஊர்த் திருவிழா வந்தால் நாள்கணக்கில் பட்டறைப் பக்கம் தலைவைக்க மாட்டார்கள்.

வெட்ஜ்வுட் மணி கட்டினார். காலை ஆறு மணிக்குக் கால் மணி நேரம் முன்னால் ஒரு முறை, எட்டரைக்குக் காலை உணவுக்கு ஒரு முறை, ஒன்பதுக்குத் திரும்ப அழைக்க ஒரு முறை, வெளிச்சம் மங்கும் நேரத்தில் கடைசி முறை. மணியோடு ஓர் ஆளையும் நியமித்தார். ஆலைக் குமாஸ்தா என்று பெயர். அவருக்கு வெட்ஜ்வுட் எழுதிக்கொடுத்த கடமைப் பட்டியலை இன்றைய மேற்பார்வைப் பயிற்சி வகுப்பில் அப்படியே வைத்து நடத்தலாம். குமாஸ்தாதான் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கவேண்டும். வருபவர்களை வரவர வேலையில் அமர்த்தவேண்டும். நேரத்துக்கு வருகிறவர்களிடம், அவர்களுடைய ஒழுங்கு கவனிக்கப்படுகிறது என்று தெரியப்படுத்தவேண்டும். வயதுக்கேற்ற சிறு பரிசு கொடுத்து மற்றவர்களிலிருந்து தனித்துக் காட்டவேண்டும். தாமதமாக வருபவர்களை முதலில் கண்டிக்க வேண்டும். பலமுறை சொல்லியும் திருந்தாவிட்டால், குறைந்த நேரத்தைக் கணக்கெழுதிக் கூலியில் பிடிக்கவேண்டும். உருப்படிக் கூலிக்காரராக இருந்தால் காலை உணவு நேரம்வரை திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இந்த வரிசையில் பாராட்டு முன்னால் வருகிறது, கூலிப்பிடித்தம் கடைசியில் வருகிறது. அதற்காக வெட்ஜ்வுட்டைக் கருணைக் கடலாக்க வேண்டியதில்லை. தவறே செய்யாத இயந்திரங்களாக மனிதர்களை ஆக்கப்போவதாக எழுதியவரும் அவரேதான். மரக்காலை ஊன்றிக்கொண்டு பட்டறையில் நடந்து, தரமில்லாத பாத்திரங்களைத் தட்டி உடைப்பார் என்று ஒரு கதையும் உலவுகிறது. உண்மையோ இட்டுக்கட்டியதோ, குமாஸ்தாவின் பதிவேடு இல்லாமல் 1772-இல் அவர் ஆரம்பித்த வேலை விலைப் புத்தகம் நிலைத்திருக்க முடியாது. வருகையைக் குறித்தவரும் அடக்கவிலைக்கு முதல் எண்ணைக் கொடுத்தவரும் ஒரே ஆள்.

அடுத்த நூறாண்டில் இந்த எண்கள் பெருகின. ரயில்வேக் கம்பெனியில் வேலை பார்த்துச் செலவுக் கணக்கைக் கற்றுக்கொண்ட ஆண்ட்ரூ கார்னகி, 1875-இல் பிட்ஸ்பர்க் அருகே பிராடக் ஊரில் தொடங்கிய எஃகு ஆலையில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி அடக்கவிலை அறிக்கை கேட்டுவாங்கினார். பில் ஜோன்ஸ் என்ற அந்த ஆலையின் மேலாளர் வித்தியாசமான பேர்வழி. பங்கு தருகிறோம் என்றபோது வேண்டாம், அமெரிக்க ஜனாதிபதிக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர். பன்னிரண்டு மணி நேரம் எஃகு உலை முன் நிற்க மனித உடம்பால் ஆகாது, எட்டு மணி நேர ஷிப்டுதான் கம்பெனிக்கும் லாபம் என்று வாதாடி, அதை நடத்தியும் காட்டினார். போட்டி ஆலைகளெல்லாம் பன்னிரண்டு மணி நேரமே ஓட்டுகின்றன என்ற ஒப்பீடு கடைசியில் வென்றது. 1888-இல் பிராடக் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டு நடந்த உலை விபத்தில் ஜோன்ஸ் இறந்துபோனார்.

மேற்பார்வை பற்றி யார் பேசினாலும் ஹாதார்ன் ஆய்வுகள் வந்துவிடும். சிகாகோவை ஒட்டிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்தவை. விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது, தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வே காரணம் என்ற பகுதியைத்தான் பாடநூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்த முடிவின்மேல் பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஏராளமான சந்தேகங்களை எழுப்பிவிட்டார்கள். அதைவிடக் கூர்மையான பகுதி கடைசியில் நடந்தது. அதைப் பலர் ஒரு பத்தியில் கடந்துவிடுகிறார்கள்.

1931 நவம்பரில் தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி பிணைக்கும் பதினான்கு ஆண்களைத் தனி அறையில் வைத்தார்கள். ஒன்பது பேர் கம்பி சுற்றுபவர்கள், மூன்று பேர் ஈயம் பற்றவைப்பவர்கள், இரண்டு பேர் சோதனையாளர்கள். அறையில் ஒரு பார்வையாளர் சும்மா உட்கார்ந்து நடப்பதை எழுதினார். கூலி குழுவாகக் கணக்கிடப்பட்டது. குழு கூடுதலாகச் செய்தால் எல்லோருக்கும் கூடும். காகிதத்தில் இதைவிட நல்ல ஊக்கத்தொகைத் திட்டம் இருக்க முடியாது.

ஆனால் கம்பி சுற்றுபவர் ஒருவர் ஒரு நாளுக்கு இரண்டு கருவி முடித்தால் போதும் என்று குழு தனக்குள் தீர்மானித்திருந்தது. யாராவது அதற்குமேல் வேகம் காட்டினால் மேல்கையில் ஓங்கி ஒரு குத்து விழும். அதற்கு அவர்களிடையே தனிப் பெயரே இருந்தது. குறைவாகச் செய்தவனுக்கும் மதிப்பில்லை. நிறையச் செய்தால் கம்பெனி உருப்படிக் கூலியைக் குறைத்துவிடும், மெதுவானவர்கள் திட்டு வாங்குவார்கள், ஆள்குறைப்பு வரும் என்ற பயம். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம் அது, பயம் வீண்போகவில்லை. 1932 மே மாதம் வேலை இல்லாமல் அந்த அறையையே மூடினார்கள்.

அறையிலிருந்து மேலே போன எண்கள்தான் இங்கே விஷயம். சில நாள் நிறையவும் சில நாள் குறைவாகவும் வேலை நடந்தது. அறிக்கையிலோ நாளுக்கு நாள் ஒரே சீரான அளவு. நிறையச் செய்த நாளில் கொஞ்சத்தைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு, மந்தமான நாளில் சேர்த்துச் சொன்னார்கள். சரக்கு வரவில்லை, கருவி சரியில்லை என்று தங்கள் தவறில்லாமல் வீணான நேரத்துக்குத் தனிக் கூலி உண்டு. அதையும் தாராளமாகக் கேட்டு எழுதினார்கள். கம்பி சுற்றுபவரும் ஈயம் பற்றவைப்பவரும் விதிக்கு மாறாக வேலையை மாற்றிக்கொண்டார்கள். இவையெல்லாம் குழுத் தலைவருக்குத் தெரியும். அவர் கண்டுகொள்ளவில்லை.

அவர் நிலையில் வேறு யார் இருந்தாலும் அநேகமாக அதைத்தான் செய்திருப்பார்கள். உள்ளதைச் சொன்னால் பதினான்கு பேரோடும் நாள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டும். மேலிடமோ, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கும். சீரான கோடு போட்டால் இரு பக்கமும் அமைதி. கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தச் சீரான கோட்டை வைத்துக் கருவி ஒன்றுக்கான கூலிச் செலவைத் துல்லியமாக வகுத்தார்கள். வகுத்தல் சரி. வகுபட்ட எண் முதல்நிலை மேற்பார்வையாளருக்கும் தொழிலாளிகளுக்கும் இடையே ஏற்பட்ட சமரசத்தின் எண்.

தமிழர் வாழ்க்கையிலேயே இதற்கு நீண்ட அத்தியாயம் ஒன்று இருக்கிறது. இலங்கை மலையகத் தோட்டங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஆள்பிடித்து வந்தவரும், வேலைவாங்கியவரும், கடன் கொடுத்தவரும் கங்காணிதான். ஒவ்வொரு நாளும் வேலைக்கு இறங்கிய ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. எத்தனை தலை என்பதில்தான் அவருடைய வருமானம் இருந்தது. எத்தனை இறாத்தல் கொழுந்து என்பதில் இல்லை. மேற்பார்வையாளரின் கூலியை எந்த எண்ணோடு கட்டுகிறோமோ அந்த எண்ணைத்தான் அவர் வளர்ப்பார். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொழிலாளியைக் கடனோடு சேர்த்துக் கைமாற்ற உதவிய துண்டு முறை 1921-இல் சட்டப்படி ஒழிந்தது. செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேடும் கணக்கப்பிள்ளையும் தராசும் நீடித்தன.

இன்றும் மலையகத்தில் ஒரு கிலோ தேயிலையின் அடக்கவிலை அந்தத் தராசில்தான் தொடங்குகிறது. 2021 மார்ச்சில் நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. அதைத் தொடர்ந்து, ஒரு நாள் பேர் விழ, அதாவது முழு நாள் சம்பளம் பதிவாக, எத்தனை கிலோ கொழுந்து பறிக்கவேண்டும் என்பதில் தோட்ட நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் தகராறு முற்றியது. குறித்த அளவு சேராவிட்டால் அரைப்பேர்தான். ஏன் இவ்வளவு வம்பு என்பது கணக்குப் போட்டால் தெரியும். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ 4.6 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். 16 கிலோ பறித்து 1,000 ரூபாய் என்றால் பறிகூலி மட்டும் தேயிலை கிலோவுக்கு 287 ரூபாய்க்கு மேல். 20 கிலோ என்றால் 230. இடையிலுள்ள 57 ரூபாய் 50 காசு, மலைச்சரிவில் நிற்கும் ஒரு பெண்ணின் கூடையில் இன்னும் நாலு கிலோ ஏறுவதிலிருந்து வருகிறது.

தராசில் இன்னொரு பழக்கமும் உண்டு. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று எடையில் கழிப்பார்கள். மழைநாளில் இலைமேல் தண்ணீர் நிற்பது உண்மைதான். கழிவு எந்த அளவோடு நிற்கிறது என்பதுதான் தொழிலாளிகளின் நெடுநாள் புகார். நிறுத்தவருக்கும் பறித்தவருக்கும் நடுவில் நடக்கும் இந்த வாக்குவாதத்துக்குச் சாட்சி இல்லை என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். ஆனால் அடக்கவிலைக் கணக்கு தெரிந்த ஒருவர் தொழிற்சாலைப் புத்தகத்தைப் புரட்டினால் சாட்சி கிடைக்கும். 20 கிலோ கொழுந்திலிருந்து வழக்கமாக 4.3 கிலோ தேயிலை வரும், அதாவது 21.5 சதவீதம். தேவையில்லாமல் 2 கிலோ கழித்து 18 என்று செக்ரோலில் ஏறியிருந்தால், அதே 4.3 கிலோ அந்தப் புத்தகத்தில் கிட்டத்தட்ட 24 சதவீதமாகத் தெரியும். இலையோ இயந்திரமோ வழக்கமாக அவ்வளவு தருவதில்லை. மாதாமாதம் ஒரு தோட்டத்தின் விளைவு வீதம் அப்படி உயர்ந்து நின்றால், தொழிற்சாலை அதிகாரியைப் பாராட்டுவதற்கு முன்னால் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஒருவரை அனுப்பிப் பார்க்க வேண்டும்.